கடல் கடக்கும் ஏடும் அதற்குரிய பாயிரமும்

கல்லூரியின் விழா ஆண்டிற் கணக்கெடுப்புக்கள் பல நிகழ்தல் இயல்பு. எத்தனை மாணாக்கர் பல்கலைக்கழகம் புகுந்தனர், எத்தனை பேர் வைத்தியராயும் பொறியியலாளராயும் வழக்கறிஞராயும் விளங்குகின்றனர், எத்தனை கட்டடங்கள் எழுந்தன, துடுப்பாட்டத்தில் எத்தனை முறை வாகை சூடினோம் என்பனவெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் எடுத்துரைக்கப்பட்டிருக்கும். எவரும் எடாத கணக்கு ஒன்று உண்டு. நம் பழைய மாணவர் எழுதி முடித்து, பெட்டியிலும் அலுமாரியிலும் இக்காலத்திற் கணினியிலும் பூட்டி வைத்திருக்கும் நூல்கள் எத்தனை என்பதே அது. அவற்றுள் எல்லாம் நல்லன என்று கூறுவேனல்லேன். ஆயின், நல்லன சிலவேனும் உள என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை வெளிவராமைக்கு எழுதும் ஆற்றலிற் குறைவு காரணமன்று. எழுதியதை உரிய இடத்தில், உரிய முறையில் ஒப்படைக்கும் கல்வி நம்மிடம் இல்லாமையே காரணம். இக்கட்டுரை அக்கல்வியைப் பற்றியது.

நம் நாட்டில் நூலெழுதிய ஒருவர் பெரும்பாலும் செய்வது யாது? தம் சேமிப்பிலிருந்தோ கடன்பட்டோ அச்சுச் செலவைத் தாமே தாங்குகின்றார். சில நூறு பிரதிகள் அச்சாகின்றன. வெளியீட்டு விழா நடைபெறுகின்றது. மங்கல விளக்கேற்றலும், ஆசியுரையும், வாழ்த்துரையும், ஆய்வுரையும், முதற்பிரதி வழங்கலும், ஏற்புரையும் முறையே நிகழ்கின்றன. அன்பர்கள் கடிதவுறையிற் பணமிட்டுக் கொடுத்துப் பிரதி பெற்றுச் செல்கின்றனர். எஞ்சிய பிரதிகள் கட்டுக் கட்டாக வீட்டு மூலையை அடைகின்றன. இவ்விழாக்களை இகழ்தல் என் நோக்கமன்று. அன்பும் மரியாதையும் அவற்றில் உள. ஆயினும் ஒன்று கேட்கலாம்: நூலாசிரியரை முன்பே அறிந்தவரன்றி வேறெவரேனும் அந்நூலைப் படித்தனரா? அறிமுகமில்லாத ஒருவன், தொலைநாட்டில், தன் பணத்தைக் கொடுத்து வாங்கிப் படிக்கும்போதன்றோ ஒரு நூல் உண்மையில் வெளியிடப்பட்டதாகும்?

அண்மைக் காலத்தில், ஆங்கிலத்தில் எழுதும் நம் இளைஞர் சிலரும், தம் தமிழ் நூல்களை மொழிபெயர்ப்பிக்க விரும்புவோர் சிலரும், இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் பிரதிகளை அனுப்புதல் எங்ஙனம் என வினவத் தொடங்கியுள்ளனர். அவர்களுள் ஒருசாரார், செல்வாக்கு உள்ளவர்க்கே அங்குக் கதவு திறக்கும் என்பர். மற்றொரு சாரார், அஃது அதிட்டலாபச் சீட்டுப் போன்றது. நூறு பேருக்கு அனுப்பினால் ஒருவர் மடக்கலாம் என்பர். இரண்டும் தவறான எண்ணங்களே. அஃது ஒரு முறைமை, கற்றுக்கொள்ளத்தக்க முறைமை.

அம்முறைமையின் நடுவே நிற்பவர் இலக்கிய முகவர். இவர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். முகவர் நூலை அச்சிடுவாரல்லர். விற்கும் கடைக்காரரும் அல்லர். எழுதுவோன் சார்பில் நின்று, தக்க பதிப்பாளரைத் தேடி, விலை பேசி, ஒப்பந்தத்தைச் சரிபார்த்து, பின்னர் வரும் உரிமைத்தொகையையும் கணக்குப் பார்த்து வாங்கித் தருபவர். இத்தொழில் இலண்டனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. பி. வாட் என்பவராற் பெருவழக்குப் பெற்றது. கிப்ளிங், கொனன் டொயில் முதலியோர் அவரை முகவராகக் கொண்டிருந்தனர். அக்காலப் பதிப்பாளர் சிலர் இத்தொழிலை வெறுத்தனர். அவருள் ஒருவரான வில்லியம் ஹைன்மன் 1893இல் முகவரை வெளிப்படையாகவே சாடி எழுதினார். எனினும் முகவர் நிலைத்தனர். 1896இல் இலண்டனில் முகவர் தொழிலைத் தொடங்கிய ஜே. பி. பின்கர், ஜோசப் கொன்ராட் என்னும் நாவலாசிரியர் வறுமையில் வாடியபோது, எழுதி முடியாத நூல்களுக்கே பணம் கொடுத்து அவரைத் தாங்கினார். போலந்துக் குடும்பத்திற் பிறந்து, ஆங்கிலத்தைப் பின்னாளிற் கற்றுக்கொண்ட கொன்ராட் ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றமைக்கு அம்முகவரும் ஒரு காரணர். ஆதலின் முகவரைத் தரகர் என்று நாம் எள்ளுதல் முறையன்று.

இன்று இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரும் பதிப்பகங்கள், முகவர் வழியாக வாராத நாவற் பிரதிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. எனவே முகவரை அடைதலே முதற்படியாகின்றது. அவருக்குரிய ஊதியம், எழுதுவோன் பெறும் வருவாயிலிருந்தே கழிக்கப்படும். உள்நாட்டு விற்பனைக்கு 15 வீதமும், பிறநாட்டு, பிறமொழி உரிமைகளுக்கு 20 வீதமும் இன்றைய பொதுவழக்கு. நூல் விலைப்படாவிடின் முகவர்க்கு ஒரு சதமும் இல்லை. இதிலிருந்து ஓர் உண்மை தானே விளங்கும். பிரதியைப் படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், திருத்தக் கட்டணம் என்று முன்கூட்டிப் பணம் கேட்பவர் முகவராயிரார். எழுதுவோனின் ஆசையை விற்று வாழ்பவராவர். பிரித்தானியாவில் 1974இல் நிறுவப்பட்ட முகவர் சங்கமும், அமெரிக்காவிலுள்ள முகவர் சங்கமும் தம் உறுப்பினர்க்கு நடத்தை விதிகளை வகுத்துள்ளன. பெயர் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் தாமாக வந்து நும் நூலைப் புகழ்ந்து பணம் கேட்பாராயின், அப்புகழ்ச்சியை நம்பற்க. வெளிநாடு என்றால் நேர்மை தானே உண்டு என்று எண்ணி ஏமாறுவோர் நம்மவருள் மிகப் பலர்.

இனி, நாட்டுக்கு நாடு முறை வேறுபடும் என்பதை அறிதல் வேண்டும். பிரித்தானிய முகவர் பொதுவாகக் கேட்பன மூன்று: சுருங்கிய அறிமுகக் கடிதம், முடிவையும் மறையாது கூறும் கதைச்சுருக்கம், நூலின் முதல் மூன்று அதிகாரங்கள் அல்லது ஏறத்தாழ 10,000 சொற்கள். அமெரிக்க முகவர் பெரும்பாலும் முதலில் ஒரு பக்கக் கடிதத்தையே கேட்பர். சிலர் அதனுடன் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களைச் சேர்க்கச் சொல்வர். முழுப் பிரதியை அவர் கேட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும். நூலின் நீளத்தைப் பக்கக் கணக்கிற் கூறாது சொற்கணக்கிற் கூறுதல் இரு நாட்டு வழக்கு. வரலாறு, கட்டுரை போன்ற நூல்களாயின், முழு நூலும் எழுதி முடியுமுன்னரே நூற்றிட்டமும் மாதிரி அதிகாரமும் அனுப்பலாம். நாவலாயின் எழுதி முடித்த பின்னரே அனுப்புதல் வேண்டும். இந்தியாவில் முகவர் தொழில் இளமையானது; ஆங்கில நூற் பதிப்பகங்கள் சில, எழுதுவோரிடமிருந்து நேரே பிரதி பெறுவதும் உண்டு. பிரான்சில் உள்நாட்டு எழுத்தாளர் பெரும்பாலும் பதிப்பகத்துக்கே நேரே எழுதுவர். இவ்வேறுபாடுகளை அறியாது ஒரே கடிதத்தைப் பல நாட்டுக்கும் பலருக்கும் ஒருங்கே அனுப்புவோன், திருமண அழைப்பையும் அந்தியேட்டி அழைப்பையும் ஒரே தாளில் அச்சிட்டவன் போலாவான்.

நாட்டு வேறுபாட்டில் முறையினும் முக்கியமானது உரிமை. ஒரு நூலின் பதிப்புரிமை நிலம்போலத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்படும். பிரித்தானியாவும் பொதுநலவாய நாடுகளும் ஒரு துண்டு. வட அமெரிக்கா மற்றொரு துண்டு. இந்தியத் துணைக்கண்டம் இன்னொன்று. மொழிபெயர்ப்புரிமை மொழிதோறும் வேறு. 1947இல் பிரித்தானியப் பதிப்பாளர் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, பழைய பேரரசின் நாடுகளையெல்லாம் தம் விற்பனை எல்லையாக வைத்துக்கொண்டனர். இலங்கையும் இந்தியாவும் அவ்வெல்லைக்குள் அடங்கின. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் பயனாக 1976இல் அவ்வுடன்படிக்கை முடிவுற்றது. ஆயினும் எல்லை வகுத்து விற்கும் வழக்கம் இன்றும் உண்டு. கொழும்பிற் பிறந்த தமிழரான அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி 2016இல் வெளிவந்த முதல் நாவலை அமெரிக்காவில் ஒரு பதிப்பகமும் பிரித்தானியாவில் வேறொரு பதிப்பகமும் வெளியிட்டன. அவருடைய இரண்டாவது நாவல் 2021இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. உலக உரிமை முழுவதையும் ஒரே கையெழுத்தில், அறியாமையால், சிறு தொகைக்கு எழுதிக் கொடுத்துவிடுதல் தோட்டத்தை விற்கும்போது கிணற்றையும் பாதையையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதை ஒக்கும். இதைத் தடுப்பதே நல்ல முகவரின் வேலை.

இவ்வளவும் வெளிநாட்டுச் செய்தி. இதிற் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நீவிர் வினவலாம். முகவருக்கு எழுதும் அந்த ஒரு பக்கக் கடிதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் பல வெளிவந்துள்ளன. அவற்றைப் படிக்குந்தோறும் எனக்கு நன்னூற் பாயிரமே நினைவுக்கு வருகின்றது. சிறப்புப் பாயிரத்திற் கூறவேண்டியவை எட்டு என்று பவணந்தி முனிவர் வகுத்தார். நூலைச் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுவலும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இனி, முகவர் கேட்பவற்றை நோக்குமின். நீ யார்? உன் நூல் அண்மையில் வெளிவந்த எந்நூல்களின் வழியில் நிற்பது? எந்நாட்டு உரிமை உன்னிடம் உண்டு? தலைப்பு என்ன? நாவலா, சிறுகதைத் தொகுதியா, எத்தனை சொற்கள்? கதை எதைப் பற்றியது? யார் படிப்பர்? படிப்போர்க்கு அதில் என்ன கிட்டும்? இக்காலத்தில் இதனை ஏன் எழுதினாய்? என்னைத் தேர்ந்து ஏன் அனுப்பினாய்? ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையா? நம் மாணாக்கர் இவ்வெட்டையும் மனனம் செய்து, பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்று, மறுநாள் மறந்துவிடுகின்றனர். அது செத்த இலக்கணமன்று. ஒரு நூலை அறியாதார் கையில் ஒப்படைப்பதற்கு நம் முன்னோர் வகுத்த செயல்முறை.

இன்னும் ஒன்று. தற்புகழ்ச்சி தகாது என்பது நன்னூலார் கொள்கை. எத்துணைத் துறைகளை முடித்தானாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் ஒவ்வாது என்றார். இக்கருத்து நம் இரத்தத்தில் ஊறியுள்ளது. ஆகையினாலேதான் நம்மவர் வெளிநாட்டார்க்கு எழுதும்போது, சிறியேன், பிழை பொறுத்தருள்க என்னும் தோரணையில் எழுதுகின்றனர். அல்லது அதற்கு எதிராக, உலகம் காணாத காவியம் என்று முழங்குகின்றனர். ஆனால் அதே நன்னூலார், புலவன் தன்னைப் புகழ்ந்துரைத்தல் தகும் இடங்கள் நான்கினையும் கூறியுள்ளார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அரசனது அவைக்கு ஓலை போக்குங்காலும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும் அது தகும் என்பன அவற்றுள் இரண்டு. அறியாத நாட்டில் உள்ள அறியாத முகவருக்கு எழுதும் கடிதம் இவ்விரண்டிற்கும் ஒருங்கே இலக்கியமாகும். ஆகவே செய்ததைச் செய்தேன் என்று கூசாது கூறுக, செய்யாததைக் கூறற்க. நடுவுநிலையான அந்தக் குரலே கடிதத்துக்குரிய குரல்.

நன்னூலின் மூன்றாவது பாடம் எல்லாவற்றிலும் பெரிது. பாயிரம் உரைத்தற்கு உரியவர் யார்? நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன் கற்றோன், அவன் மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன் என நால்வர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருசாலையிற் கற்றவர் என்பது மரபு. எனவே ஒரு நூலை அவைக்கு அறிமுகம் செய்தல், எழுதியவன் தனித்துச் சுமக்கும் பாரமன்று. உடன் கற்றவர் கடன். பழைய மாணவர் சங்கம் என்பதற்குத் தமிழில் உடன் கற்றோர் கூட்டம் என்பதினும் பொருத்தமான பொருள் வேறுண்டோ?

இதற்குப் பிற்காலச் சான்றுகளும் உள. சென்னையில் 1906இற் பிறந்த தமிழரான ஆர். கே. நாராயண், சுவாமியும் நண்பர்களும் என்ற தம் முதல் நாவலை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிப் பதிப்பாளர் பலரால் மறுக்கப்பட்டார். அப்போது ஒக்ஸ்போர்ட்டிற் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் அப்பிரதி இருந்தது. மனம் வெறுத்த நாராயண், அதிற் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடுமாறு அந்நண்பருக்கு எழுதினார். நண்பர் எறிந்தாரல்லர், கிரகம் கிரீன் என்னும் நாவலாசிரியரிடம் அதனைக் கொண்டு சென்று காட்டினார். கிரீன் பரிந்துரைக்க, 1935இல் அந்நாவல் இலண்டனில் வெளிவந்தது. மால்குடி என்னும் ஊர் உலகுக்குத் தெரியவந்தது அந்நண்பரின் கால்நடையால். மற்றொன்று: அருந்ததி ராயின் சின்ன விஷயங்களின் கடவுள் என்ற நாவலை, அக்காலத்தில் தில்லியில் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராயிருந்த பங்கஜ் மிஸ்ரா படித்து வியந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதைப் படித்த டேவிட் கொட்வின் என்ற முகவர், காலம் தாழ்த்தாது விமானமேறி இந்தியாவுக்கே வந்து ஆசிரியரைக் கண்டார். 1997இல் அந்நூல் புக்கர் பரிசு பெற்றது. இவற்றைச் செல்வாக்கு என்று சொல்வோர் சொல்க. படித்துப் பார்த்து, நல்லதென்று தெளிந்து, பிறர் கையில் வைத்த ஒருவரின் உழைப்பே செல்வாக்கு என்று பேசப்படுகின்றது.

நம் நாட்டின் அண்மைச் சான்று செகான் கருணாதிலக. அவர் எழுதிய சைனாமன் என்ற துடுப்பாட்ட நாவல், கையெழுத்துப் பிரதியாயிருந்தபோதே 2008ஆம் ஆண்டுக்குரிய கிரேஷியன் பரிசைப் பெற்றது. மைக்கேல் ஒந்தாச்சி 1992இல் நிறுவிய அப்பரிசு, இலங்கையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குரியது. அச்சேறாத பிரதியையும் ஏற்பது. நாவலை அவர் 2010இல் தாமே இங்கு வெளியிட்டார். பின்னர் அஃது இந்தியா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளிவந்து, 2012இல் பொதுநலவாய நூற்பரிசும் பெற்றது. ஆயினும் அவருடைய அடுத்த நாவல் இந்தியாவில் 2020இல் வெளிவந்தபோது, மேலைநாட்டுப் பதிப்பாளர் பலர் அதை ஏற்கத் தயங்கினர். இலங்கை அரசியலும் நம் நாட்டுத் தொன்மக் கதைகளும் தம் வாசகர்க்கு விளங்கா என்பது அவர்கள் கூறிய காரணம். அவர் சலிப்புற்று விட்டுவிடவில்லை. இலண்டனிலுள்ள ஒரு சிறு பதிப்பகத்தாருடன் சேர்ந்து நூலைத் திருத்தி, தலைப்பையும் மாற்றி, மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள் என 2022இல் வெளியிட்டார். அவ்வாண்டின் புக்கர் பரிசு அதற்கே கிடைத்தது.

இங்கு ஒரு வினா எழும். வெளிநாட்டார்க்கு விளங்கவேண்டும் என்பதற்காக நம் எழுத்தை நாம் மாற்றலாமா? அது நம்மை நாமே விற்பதாகாதா? இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஒருவன் தன் ஊரைத் தன் ஊராகவே எழுதுதல் வேண்டும். பனங்காயைப் பேரிச்சம்பழமாக மாற்றுதல் கூடாது. ஆனால் விளக்குதல் வேறு, வளைதல் வேறு. அயலூரிலிருந்து வந்த விருந்தினருக்கு, இது பனங்கட்டி, இதைத் தேநீரோடு கடித்துக் குடிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதனாற் பனங்கட்டியின் சுவை குறையாது. உரையாசிரியர் செய்ததும் அதுவேயன்றோ? முகவர் திருத்தம் கூறும்போது எழுதுவோன் தன்னைத் தான் கேட்கவேண்டியது ஒன்றே: இஃது என் கதையைத் தெளிவாக்குகின்றதா, வேறு கதையாக்குகின்றதா? முன்னதாயின் ஏற்க; பின்னதாயின் மறுக்க. மறுக்கும் உரிமையும் எழுதுவோனுடையதே.

தமிழில் எழுதுவோர்க்கு இடர் ஒன்று மிகுதியாக உண்டு. முகவர்க்குத் தமிழ் தெரியாது. ஆகவே மாதிரி மொழிபெயர்ப்பு இன்றியமையாதது. முழு நூலும் வேண்டுவதில்லை; நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த 20 அல்லது 30 பக்கங்கள் போதும். நன்னூல் கூறிய நால்வருள் உரைகாரனுக்குரிய இடம் இக்காலத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. மொழிபெயர்ப்பு நமக்குப் புதுமையும் அன்று. வழிநூலின் நால்வகை யாப்பினுள் ஒன்றாகத் தொல்காப்பியரே அதனை எண்ணினார். பெருமாள் முருகனின் பூக்குழி, அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அவ்விடத்தை அடைந்த முதற் தமிழ் நூல் அதுவே. நம் அயல்மொழியாகிய கன்னடத்தில் பானு முஷ்டாக் எழுதிய சிறுகதைகளைத் தீபா பாஸ்தி மொழிபெயர்க்க, 2025இல் அப்பரிசையே அந்நூல் வென்றது. அப்பரிசுத் தொகையாகிய 50,000 பவுணும் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பகிரப்படுவது என்பதைக் கவனிக்க. பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ வெளிவந்த நூலுக்கே அது வழங்கப்படும் என்பதையும் கவனிக்க. கன்னட நூலை வெளியிட்டது பெரும் பதிப்பகமன்று. இங்கிலாந்திலுள்ள ஒரு சிறு பதிப்பகமே. சிறு பதிப்பகங்கள் சில முகவரின்றியும் மாதிரியை ஏற்பனவாதலின், நம்மவர் அவ்வழியையும் அறிதல் நன்று.

இதுகாறும் கூறியவற்றால் நான் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, மெல்பேண் ஆகிய நகரங்களில் வாழும் நம் உடன் கற்றோர், ஊரிலுள்ள ஒருவன் நூல் எழுதினான் என்றறிந்தால், அச்சுக் கூலி அனுப்புவதோடு நில்லாது அதனைப் படித்தல் வேண்டும். படித்து, நல்லதைச் சொல்லி, அல்லதையும் சொல்லி, தம் நாட்டு முகவர் வழக்கங்களை ஆராய்ந்து எழுதியனுப்பல் வேண்டும். பணம் அனுப்புதல் எளிது; படித்தல் அரிது. இரண்டாவது, வெளியீட்டு விழாக்களுக்கு மாலையும் மண்டபமும் ஒலிபெருக்கியும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, மாதிரி மொழிபெயர்ப்புக்கென ஒரு நிதி அமைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு நூல், 30 பக்கம் என்ற அளவிலே தொடங்கினாலும் பத்தாண்டிற் பத்து நூல்கள் வெளிநாட்டார் கையில் வைக்கத்தக்கனவாகும். மூன்றாவது, கல்லூரியில் உயர்வகுப்பு மாணாக்கர், தாம் படித்த ஒரு நூலை அறியாத ஒருவருக்கு ஒரே பக்கத்தில், பாயிரத்துக்குரிய எட்டும் அமைய, தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிமுகம் செய்து எழுதும் பயிற்சியைப் பெறுதல் வேண்டும். பரீட்சைக்காகப் படித்த சூத்திரம் அப்போதுதான் கைக்கு உதவும்.

நிதியை ஏழை மாணாக்கரின் கல்விக்கும் கட்டடத் திருத்தத்துக்கும் செலவிடாது நூல்களுக்குச் செலவிடுதல் தகுமோ என்று சிலர் தடைகூறுவர். ஏழை மாணாக்கர் கல்வியே முதலாவது என்பதை மறுப்பாரில்லை. அதற்குரிய நிதியிலிருந்து ஒரு சதமும் எடுக்க நான் சொல்லவில்லை. மாலைக்கும் மண்டபத்துக்கும் போவதிலிருந்தே கேட்கின்றேன். மேலும், 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் மீண்டும் பெறமுடியாத பிரதிகளும் அழிந்தன. ஒரே இடத்தில், ஒரே பிரதியாய், ஒரே மொழியில் இருக்கும் எழுத்து எவ்வளவு எளிதில் இல்லாமற்போகும் என்பதை நம்மினும் நன்கு அறிந்த மக்கள் யார்? பல நாட்டில், பல மொழியில் வாழும் நூலை எத்தீயும் முற்றாக அழிக்கமுடியாது. ஆகவே இதை ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. காவல் என்றே கருதுகின்றேன்.

பிரதி அனுப்பும் இளைஞர்க்குக் கூறவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. மறுப்பு வரும், பெரும்பாலும் மறுமொழியே வராது. பல முகவர் குறித்த சில வாரங்களுக்குள் மறுமொழி இல்லையெனில் விருப்பமில்லை என்றே கொள்க எனத் தம் விதிகளில் முன்னரே எழுதியிருப்பர். அதை அவமதிப்பாகக் கொள்ளற்க. ஒரு குறிப்புப் புத்தகத்தில் யாருக்கு, எந்நாளில், எதனை அனுப்பினோம் என்று பதிந்து வைக்க. ஒருங்கே ஐந்தாறு பேருக்கு அனுப்புக. பலருக்கு ஒரே காலத்தில் அனுப்புதல் குற்றமன்று. ஆனால் ஒருவர் ஏற்க முன்வந்தால் மற்றவர்க்கு உடனே அறிவித்தல் மரியாதை. ஐவரும் மறுத்தால் கடிதத்தையும் முதற்பக்கங்களையும் மீளப் பார்த்துத் திருத்தி அடுத்த ஐவர்க்கு அனுப்புக. பிரதி திரும்பி வந்த நாளிலே அடுத்த நூலின் முதல் வாக்கியத்தை எழுதத் தொடங்குபவனே எழுத்தாளன்.

தொல்காப்பியமும் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் வினாக்களை எழுப்பக் கேட்டு, விடையிறுத்த பின்னரே அரங்கேறியது என்பர். அரங்கேற்றம் என்றால் நம் முன்னோர்க்குக் குற்றம் காண்பார் முன்னிலையில் நூலை வைத்தல் என்பதே பொருள். மாலை சூட்டுவார் முன்னிலையில் வைத்தலன்று. அவ்வவை இக்காலத்திற் கடலுக்கு அப்பாலும் கூடுகின்றது. அதன் வாயிலில் நிற்பவருக்கு ஓலை எழுதும் முறை நம் இலக்கணத்திலேயே உண்டு. ஓலையைக் கொண்டு செல்லும் உடன் கற்றோர் உலகெங்கும் உளர். அலுமாரிகள் திறக்கப்படுக. நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.